பதிவேட்டின் கடைசிப் பத்தி



அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவன் பேச வருகிறான் என்றால் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றியோ அமராவதிச் சிற்பங்களைப் பற்றியோ பேசுவான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிப் பேச என்னைவிடக் கற்றவர்கள் இருக்கிறார்கள். நான் பணிக்காலம் முழுவதையும் மாவட்ட அருங்காட்சியகங்களில் கழித்தவன். நான்கு மாவட்டங்களில் காப்பாட்சியராக இருந்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் ஒன்று உண்டு. அது கண்ணாடிப் பேழைக்குள் இருக்காது. அலுவலக அறையின் இரும்பு பீரோவுக்குள், துணி அட்டை போட்டு, ஓரமெல்லாம் மடங்கிக் கிடக்கும். இருப்புப் பதிவேடு என்று அதற்குப் பெயர்.

அதைத் திறந்தால் இடமிருந்து வலமாகப் பத்திகள் ஓடும். வரிசை எண், வந்த நாள், பொருளின் பெயர், கிடைத்த ஊர், வந்த விதம், உயரம், எடை, மதிப்பு. வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. புதிதாக ஓர் ஊரில் பொறுப்பேற்றால் முதல் நாள் நான் அந்தக் கடைசிப் பத்தியை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்ப்பேன். பக்கம் பக்கமாக வெறுமையாக இருக்கும். எங்காவது ஓரிடத்தில் 'பீடம் சேதம்' என்று இரண்டு சொல். இன்னோர் இடத்தில் 'பார்க்க எண் 43' என்றிருக்கும். 43-ஐப் பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது.

இன்றைய என் பேச்சு அந்த வெற்றுப் பத்தியைப் பற்றியது. அருங்காட்சியகங்கள் ஒன்றுக்கொன்று கைகொடுப்பது, ஆதரவு தேடுவது, பணியாளர்களை வளர்ப்பது என்று மூன்றையும் தனித்தனியே கருத்தரங்குகளில் பேசுகிறோம். என் அனுபவத்தில் மூன்றுக்கும் வாசல் அந்தப் பத்திதான்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். காவிரிப் படுகையில் நான் இருந்த அருங்காட்சியகத்தில் ஒரு முழ உயரத்துக்கு ஒரு விஷ்ணு திருமேனி இருந்தது. புதையலாக வந்தது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருளைக் கண்டெடுத்தவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், ஆட்சியர் என்று ஏறி, கருவூலத்தில் சில காலம் இருந்து, பிறகு எங்களிடம் வரும். எங்கள் மாவட்ட அருங்காட்சியகங்களின் உலோகப் பொருள்களில் பெரும்பகுதி இப்படி வந்தவைதான். அந்தத் திருமேனிக்குப் பதிவேட்டில் ஊர்ப்பெயர் இருந்தது, ஆண்டு இருந்தது. குறிப்புப் பத்தியில் 'பீடத்தில் சேதம்' என்று எழுதியிருந்தது.

ஒரு சனிக்கிழமை, அறுபது வயதிருக்கும், ஒருவர் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மற்ற எதையும் பார்க்கவில்லை. நேராக அந்தப் பேழையின் முன்னால் போய் நின்றார். வெகுநேரம் நின்றதைப் பார்த்துவிட்டு நான் பக்கத்தில் போனேன்.

"எங்க அப்பாதாங்க சார் இதை எடுத்தாரு. வூட்டுக்கு வானம் தோண்டயில மம்புட்டி பட்டுச்சு. அந்த வெட்டு இருக்கு பாருங்க, இந்த மூலையில" என்றார்.

பீடத்தின் இடது மூலையில் ஒரு விரற்கடை நீளத்துக்கு ஒரு கீறல். நாங்கள் அதை வார்ப்புக் குறை என்று நினைத்திருந்தோம். அவர் சொல்லச் சொல்ல இன்னும் வந்தது. சாமி குப்புறக் கிடந்ததாம். கீழேயும் மேலேயும் ஆற்று மணல். சுற்றிலும் களிமண், இது மட்டும் மணலுக்குள். தலைமாட்டில் ஒரு செப்புக் குடம் கவிழ்ந்திருந்ததாம். அந்தக் குடம் எங்களிடம் வரவே இல்லை. அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால், அந்தத் திருமேனி ஏதோ வெள்ளத்தில் அடித்து வரப்பட்டது அல்ல. யாரோ குழி எடுத்து, மணல் பரப்பி, கவனமாகப் படுக்கவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து எடுக்கலாம் என்று நினைத்திருப்பார்கள்.

போகும்போது அந்தப் பெரியவர் கேட்டார்: "அப்பா பேரு எங்கயும் இல்லீங்களே சார்?"

அன்று மாலை அவர் சொன்னதை எல்லாம் எழுதினேன். குறிப்புப் பத்தியில் இடம் போதவில்லை. தனித்தாளில் எழுதிப் பதிவேட்டோடு தைத்தேன். பேழையின் விளக்கப் பலகையில் அவருடைய தந்தையின் பெயரைச் சேர்த்தோம். அவ்வளவுதான் செய்தோம். அதற்குப் பிறகு நடந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு பொருளுக்கு அது கிடந்த இடம் எவ்வளவு முக்கியம் என்பதை இந்த நாட்டில் முதலில் உணர்த்தியவர்களில் ஒருவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ஆம் ஆண்டு பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவின் பழங்கற்கால ஆய்வைத் தொடங்கிவைத்த நிலவியலாளர். வாழ்நாள் முழுவதும் சேர்த்தவற்றை 1904-இல் எழும்பூரில் உள்ள சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். அதோடு விலகிவிடவில்லை. எந்த ஓடையோரம், எந்தக் குன்றின் எந்தச் சரிவு என்று ஊர் ஊராக எழுதினார். அந்தப் பட்டியலும் குறிப்புகளும் 1912-இல் அவர் மறைந்த பிறகே அச்சாகி வந்தன. இன்றைக்கும் ஆய்வாளர்கள் அந்தக் கற்களைத் தேடி எழும்பூர் வருகிறார்கள் என்றால், அந்தக் குறிப்புகள்தான் காரணம். ஊர் தெரிந்த கல் சான்று. ஊர் தெரியாவிட்டால் அது வெறும் கல்.

இனி, கைகொடுப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

திருவெண்காட்டில் 1950-களில் மண்ணுக்குள்ளிருந்து பல திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் ரிஷபவாகன தேவர் 1011-இல் செய்தளிக்கப்பட்டவர்; தேவி அதற்கு அடுத்த ஆண்டு. கோயில் கல்வெட்டே அதைச் சொல்கிறது. காளையின் மேல் சாய்ந்த பாவனையில் கையை நீட்டி நிற்கும் அந்த உருவத்தைத் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சாய்ந்து நிற்க அங்கே காளை இல்லை. இல்லாத காளையின் உயரத்தை அந்தக் கை சொல்லிவிடும். அதே ஊரில் கிடைத்த அர்த்தநாரி சென்னை எழும்பூரில் இருக்கிறார். ஒரே கோயிலின் தெய்வங்கள், ஏறத்தாழ ஒரே காலத்துக் கைகள் வார்த்தவை, இரண்டு ஊர்களில், இரண்டு நிர்வாகங்களின் கீழ். தஞ்சாவூரில் நிற்பவர்களிடம் 'இவருடைய உடன்பிறந்தார் சென்னையில் இருக்கிறார்' என்றும், சென்னையில் நிற்பவர்களிடம் 'மற்றவர்கள் தஞ்சையில் இருக்கிறார்கள்' என்றும் சொல்ல எவ்வளவு செலவாகும்? ஒரு பலகை, ஒரு புகைப்படம். திருமேனிகளை இடம் மாற்ற வேண்டாம். வழக்கு வேண்டாம், வாகனம் வேண்டாம். இரண்டு இடத்துப் பதிவேட்டுக் குறிப்பிலும் ஒருவரை ஒருவர் சுட்டும் ஒரு வரி போதும்.

நாகப்பட்டினத்தைப் பாருங்கள். 1856-க்கும் 1930-களுக்கும் இடையில் அங்கே ஏறத்தாழ 350 பௌத்த உலோக உருவங்கள் கிடைத்தன. சோழர் காலத்தில் கடல்கடந்து வந்தவர்களுக்காக எழுந்த விகாரத்தின் நினைவு அது. ஒரு பகுதி சென்னையில் தங்கியது. மற்றவை இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் சிதறிப்போயின. டி.என். இராமச்சந்திரன் 1954-இல் சென்னையில் இருப்பவற்றைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். அந்த நூல் இருப்பதால் இன்று உலகத்தின் எந்த மூலையில் அந்த வகை உருவம் ஒன்று தோன்றினாலும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. சிதறிய பொருள்களைப் பதிவு ஒன்று சேர்த்து வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தச் சிதறல் நிர்வாகத்திலும் இருக்கிறது. அருங்காட்சியகத் துறையின் கீழ், புதுக்கோட்டையில் 1910-இல் சமஸ்தானத்தார் தொடங்கியது முதல் வேலூர்க் கோட்டைக்குள் இருப்பது வரை, இருபதுக்கும் மேற்பட்ட மாவட்ட அருங்காட்சியகங்கள். மாநிலத் தொல்லியல் துறையிடம் அகழ்வைப்பகங்கள். கீழடியில் 2023-இல் திறந்த பெரிய கூடமும் அவர்களுடையது. இந்தியத் தொல்லியல் துறையிடம் தனியாகச் சில. அறநிலையத் துறையிடம் உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையங்கள். திருவரங்கத்தில் தந்தச் சிற்பங்கள் கோயிலுக்குள்ளேயே இருக்கின்றன. மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகம் தனி அறக்கட்டளை. பல்கலைக்கழகங்கள், திருச்சபைகள் என்று இன்னும் உண்டு. ஒரே மாவட்டத்துக்குள் மூன்று துறைகளின் அருங்காட்சியகங்கள் இருக்கும். மூன்றிலும் ஒரே ஊரின் பானை ஓடுகள் இருக்கும். மூன்று காப்பாட்சியர்களும் ஒருவர் பதிவேட்டை ஒருவர் பார்த்திருக்கமாட்டார்கள். பகை ஒன்றும் இல்லை. பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை, பார்க்கக்கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை.

உலகத்தின் முதல் அருங்காட்சியகச் சங்கம் எங்கே பிறந்தது என்று மாணவர்களைக் கேட்பேன். லண்டன் என்பார்கள். 1889-இல் யார்க் நகரில் பிறந்தது. அதற்கு முன்கை எடுத்தது யார்க்ஷையர் தத்துவக் கழகம் என்ற உள்ளூர் அமைப்பு. தலைநகரத்துப் பெரிய நிறுவனத்துக்குத் துணை தேவைப்படவில்லை. சிறிய ஊர்களில் தனியாகத் தவித்தவர்களுக்குத்தான் தேவைப்பட்டது. அந்தச் சங்கம்தான் பிற்பாடு இந்திய அருங்காட்சியகங்களை ஆராய்ந்த மார்க்கம், ஹார்கிரீவ்ஸ் என்ற இருவரின் அறிக்கையை 1936-இல் வெளியிட்டது. அன்றைய இந்தியாவில் 105 அருங்காட்சியகங்கள் என்று கணக்கிட்ட அந்த அறிக்கை, பயிற்சி பெற்ற ஆள் இல்லாததையும் ஊதியம் போதாததையும் வெளிப்படையாகச் சொன்னது. 1944-இல் இந்திய அருங்காட்சியகச் சங்கம் உருவானது. 1952-இல் பரோடா பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகவியல் ஒரு பாடமானது. இவை எல்லாம் நல்லவை. ஆனால் ஒரு மாவட்டத் தலைநகரில் ஐப்பசி மழையில் ஓலைச்சுவடிக் கட்டில் பூஞ்சணம் ஏறுவதைப் பார்த்து நிற்பவருக்கு, அடுத்த மாவட்டத்தில் அதே மழையில் அதே பூஞ்சணத்தைப் பார்த்து நிற்பவரின் கைபேசி எண்தான் முதல் உதவி.

நாங்கள் நான்கு மாவட்டக்காரர்கள் அப்படித்தான் தொடங்கினோம். ஆணை எதுவும் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் இடத்தில் மற்றவர்கள் கூடுவோம். பதிவேட்டின் பத்துப் பக்கத்தை ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் 'இந்த ஊர் எங்களிடமும் இருக்கிறது' என்று நிறுத்துவார்கள். ஒருவரிடம் நல்ல கேமரா இருந்தது. ஒருவரிடம் பேழைக்குத் தட்டு அடிக்கத் தெரிந்த தச்சர் இருந்தார். எங்களில் இளையவர் ஒருவருக்குக் கிரந்தம் படிக்க வந்தது. இன்னொருவருக்கு நாணயம் தெரியும். எனக்கு இரண்டும் தெரியாது. நான் எழுதிக்கொள்வேன். ஒரு மாவட்டத்தில் ஒரே அச்சுவார்ப்பிலிருந்து வந்தவை போல் இருந்த இரண்டு செப்புக் காசுகள், அடுத்த மாவட்டத்துக் குவியலின் மிச்சம் என்று தெரிந்தது அப்படிப்பட்ட ஒரு பிற்பகலில்தான். ஒரே புதையலை இரண்டு தாலுகா அலுவலகங்கள் வழியாகப் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள்.

பணியாளர்களை வளர்ப்பது என்று வரும்போது நாம் காப்பாட்சியரைத்தான் நினைக்கிறோம். நான் வேறோர் ஆளிடமிருந்து தொடங்குகிறேன்.

கடலோர ஊர் ஒன்றில் நான் பொறுப்பேற்கும் முன்பு நடந்தது இது. புதுப்பித்த கூடத்தைத் திறந்துவைக்கப் பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல். காட்சிக்கூட உதவியாளர் ஒருவர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், விடியற்காலை குளித்துவிட்டு, பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் வந்திருக்கிறார். புளி கரைத்து, திருநீறு போட்டு, சாண் உயர அம்மனைத் தேய்தேய் என்று தேய்த்து, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, பொன்போல் பளபளக்க வைத்திருக்கிறார். வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். வீட்டில் விளக்குத் துலக்கும் முறையில்தான் அவர் துலக்கினார், பக்தியோடு செய்தார். அவரிடம் செய்யாதே என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை.

மழைக்காலத்தில் அம்மனின் காதுக்குப் பின்னால் வெளிர்பச்சைப் பொடி பூத்தது. விரலால் தட்டினால் உதிரும். உதிர்ந்த இடத்தில் ஊசியால் குத்தியது போல் சிறு குழி. வெண்கல நோய் என்று இதைச் சொல்வார்கள். நூற்றாண்டுகளாக மண்ணில் கிடந்தபோது உண்டான களிம்புப் படலம், கீழே இருக்கிற உலோகத்துக்குத் தோல் மாதிரி. புளியின் அமிலம் அந்தத் தோலை உரித்துவிட்டது. கடலோர ஊரின் கிணற்று நீரில் உப்பு. அந்த உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்துகொண்டது. காற்றில் ஈரம் ஏறியதும் அது அமிலமாகி அடுத்த அடுக்குச் செம்பைத் தின்னும். தின்றதிலிருந்து மறுபடி குளோரைடு, மறுபடி அமிலம். ஈரம் இருக்கும்வரை நிற்காது.

நான் எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்துக்குத் தொலைபேசினேன். அங்கே இருந்த வேதியியலாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "எந்தத் தண்ணில கழுவினாங்க?" இரவுப் பேருந்தில் ஒரு பெட்டியோடு வந்தார். வந்ததும் காப்பாட்சியர் அறையில் உட்காரவில்லை. அந்த உதவியாளரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மருந்துக் கரைசலில் ஊறவைப்பதையும், காய்ச்சி வடித்த நீரை மாற்றி மாற்றி ஊற்றுவதையும் செய்துகாட்டினார். பிறகு கழுவிய நீரில் கொஞ்சத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து, ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டார். நீர் மோர் போலக் கலங்கியது. "இது தெளிவா நிக்கிற வரைக்கும் கழுவணும், அண்ணே. உள்ள இருக்கிற உப்பு வெளிய வருது, பாத்தீங்களா?" என்றார்.

உதவியாளர் அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் போட்ட உப்பா தம்பி இது?" என்று கேட்டார். வேதியியலாளர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "இனிமே நீங்கதான் எடுக்கப் போறீங்க" என்றார்.

ஐந்து வாரம் ஆயிற்று. நாள்தோறும் அவரே நீரை மாற்றினார், அவரே சொட்டு விட்டார், நோட்டில் 'கலங்கல்', 'கொஞ்சம் கலங்கல்', 'தெளிவு' என்று எழுதினார். எட்டாம் வகுப்போடு நின்றவர். அந்த நோட்டு இப்போதும் அம்மனின் பதிவோடு இருக்கிறது. ஓய்வு பெறுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்து மாவட்டங்களுக்கும் போய், அங்கிருந்த உதவியாளர்களுக்கு அந்தச் சோதனையைச் செய்துகாட்டினார். ஓர் அதிகாரி சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டு போயிருப்பார்கள். இவர் சொன்னபோது அவர்கள் கேள்வி கேட்டார்கள்.

அந்த ஆய்வகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1930-இல் எஃப்.எச். கிரேவ்லி சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் தொடங்கியது. எஸ். பரமசிவன் என்ற இளம் வேதியியலாளர் அங்கே நோயுற்ற திருமேனிகளைக் காரக் கரைசலில் இறக்கி, மெல்லிய மின்சாரம் செலுத்தி, உப்பைப் பிரித்தெடுக்கும் முறையைக் கையாண்டார். தஞ்சைப் பெரிய கோயில், சித்தன்னவாசல் ஓவியங்களின் சாந்தையும் வண்ணத்தையும் ஆராய்ந்தவரும் அவரே. அதே கட்டடத்தில் அதே காலத்தில் வேலை பார்த்தவர்கள்தான் டி.என். இராமச்சந்திரனும் சி. சிவராமமூர்த்தியும். சிவராமமூர்த்தி பின்னாளில் டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்கே தலைமை வகித்தார். மானிடவியல் பிரிவில் சேர்ந்த ஏ. அய்யப்பன் லண்டனில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1940-இல் அந்த அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரானார். ஒரே கூரையின் கீழ் இத்தனை பேர் எப்படி வளர்ந்தார்கள்? அங்கே வேலை என்பது கூடத்தைத் திறந்து மூடுவது மட்டுமாக இருக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் கையில் இருந்த பொருளைப் பற்றி எழுதினார்கள். அருங்காட்சியகமே அதை அச்சிட்டது. நான் பணியில் சேர்ந்தபோது, அந்தப் பழைய வெளியீடுகள்தான் எனக்கு ஆசிரியர்கள்.

இன்றைக்குப் பயிற்சிக்கு இடங்கள் இருக்கின்றன. லக்னோவில் 1976-இல் தொடங்கிய தேசியப் பாதுகாப்பு ஆய்வகத்துக்கு மைசூருவில் ஒரு மண்டல மையம் உண்டு. எழும்பூரில் ஆய்வகம் உண்டு. போய் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். என் கவலை போய் வந்த பிறகு என்ன ஆகிறது என்பதில். சான்றிதழ் கோப்பில் சேர்கிறது. ஆறு மாதத்தில் மாற்றல் வருகிறது. கற்றவர் கற்றதோடு போய்விடுகிறார். பயிற்சிக்குப் போகிறவர் திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் கூடத்தைத் துடைப்பவர், இரவுக் காவலர் உள்பட எல்லாருக்கும், பொருளைத் தொட்டு, அதைச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் போதும். பழைய பாடம் செய்த பறவைகளின் இறகுகளுக்குள் ஆர்சனிக் இருக்கலாம். வெறுங்கையால் தூசி தட்டக்கூடாது. இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் துடைப்பம் பிடித்திருப்பவர்தான். அவருடைய உடம்பு சம்பந்தப்பட்டது.

மாற்றல் ஆகிறவர் அடுத்தவருக்குப் பொறுப்பை ஒப்படைக்கும்போது பொருள்களை எண்ணிக் கையெழுத்து வாங்குகிறோம். எண்ணிக்கை சரியாக இருக்கும். அவர் மனத்தில் இருந்தது எண்ணிக்கையில் வராது. போகிறவர் ஒரு வாரம் கூட இருந்து, குறிப்புப் பத்தியைத் தம் கையால் நிரப்பிவிட்டுப் போகட்டும். நான் கடைசி மாற்றலின்போது அப்படித்தான் செய்தேன். அதற்கு விடுப்பு எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆதரவு தேடுவதைப் பற்றிச் சொல்ல எட்வர்டு பால்ஃபரிடம் போகிறேன். 1851-இல் சென்னை அருங்காட்சியகம் தொடங்கியபோது அதன் பொறுப்பில் இருந்த மருத்துவர். சென்னை இலக்கியக் கழகம் கொடுத்த ஏறத்தாழ 1,100 கல், கனிம மாதிரிகள்தான் தொடக்கச் சேமிப்பு. கற்களைப் பார்க்க யார் வருவார்கள்? உயிருள்ள விலங்குகளை வைத்தால் கூட்டம் பெருகுவதைப் பார்த்தார். கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளைப் பெற்றார். ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். வந்தவர்கள் புலியைப் பார்த்துவிட்டுக் கல்லையும் பார்த்தார்கள். சென்னையின் விலங்குக் காட்சிசாலை அப்படிப் பிறந்தது. மக்கள் வருகிற இடம் என்று ஆனதும் அரசும் அந்த இடத்தைக் கவனிக்கத்தானே வேண்டும்.

எங்களிடம் புலி இல்லை. ஆனால் அந்த விஷ்ணுவுக்கு நடந்ததைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? விளக்கப் பலகையில் பெயர் வந்த செய்தி அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அந்த ஆண்டு ஊர்ப் பள்ளிக்கூடம் வந்தது. அதற்கடுத்த மழையில் எங்கள் கூரையில் ஒழுகல். நான் எழுதிய கடிதங்கள் வழக்கமான பாதையில் போய்க்கொண்டிருந்தன. வந்து பார்த்துவிட்டுப் போன ஊர்க்காரர் ஒருவர், பேழையின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்திருந்ததைப் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில், பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு கொடுக்க நின்ற வரிசையில், அந்தக் கிராமத்தார் எட்டுப் பேர் நின்று ஆட்சியரிடம் மனு கொடுத்தார்கள். மனுவில் இருந்தது ஒரே வரி: 'எங்கள் சாமி நனைகிறது.' கூரை அந்த மாதமே சரியானது.

அந்த வரியை நான் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். 'போதிய நிதி ஒதுக்கீடு இல்லாமையால் பராமரிப்பு பாதிக்கப்படுகிறது' என்று நான் எழுதியிருந்தேன். நிதி கேட்டு எழுதுகிறவர்களுக்குச் சொல்வேன்: எந்தப் பேழை, எந்தப் பொருள், எந்த ஊர், இந்த மழைக்குள் செய்யாவிட்டால் எது போகும், எவ்வளவு செலவாகும் என்று எழுதுங்கள். ஒரு படம் வையுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் போகும்போது அவருடைய தொகுதியில் கிடைத்த பொருள்களின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். தம் தொகுதியில் இவ்வளவு இருக்கிறதா என்று வியக்காத ஒருவரை நான் கண்டதில்லை. பதிவேட்டில் ஊர் இல்லையென்றால் அந்தப் பட்டியலும் இல்லை.

நாள்களைப் பற்றியும் ஒன்று. பன்னாட்டு அருங்காட்சியக நாள் 1977 முதல் மே 18-இல் வருகிறது. நம் ஊரில் அது கோடை விடுமுறை. பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. பாட்டி ஊருக்கு வந்திருக்கிற பிள்ளைகளைப் பாட்டியோடு வரச் சொல்லுங்கள். உரல், மரக்கால், நாழி, படி எல்லாம் எங்கள் கூடங்களில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தியவர்கள் அந்தப் பாட்டிகள். நாங்கள் 'தானியம் அளக்கும் கருவி' என்று எழுதிவைத்த ஒன்றைப் பார்த்து ஓர் அம்மா, "இது அளக்குறதுக்கு இல்லய்யா, பால் வாங்குறது" என்று திருத்தினார்கள்.

பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு சான்றும் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர், 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விலைபோனார். 2014-இல் திரும்பி வந்தார். அவர் நம்முடையவர் என்று நிறுவ உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படம். அந்தப் புகைப்படக்காரர் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தபோது, திருட்டையோ நீதிமன்றத்தையோ நினைத்திருக்கமாட்டார். இருப்பதை இருக்கிறபடி பதிவு செய்தார். அவர் போகாத ஊர்களின் திருமேனிகளுக்கு இன்று நம்மிடம் என்ன சான்று இருக்கிறது? மாவட்ட அருங்காட்சியகங்களின் இருப்பு அறையில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு பக்கமும் எடுத்த படம் இருக்கிறதா? சில இடங்களில் இருக்கிறது. எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். அதற்கு நான்கு மாவட்டத்துக்கு ஒரு கேமராவும் அதைக் கையாளத் தெரிந்த ஒருவரும் போதும் என்பது நாங்கள் செய்து பார்த்த கணக்கு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மாவட்டம்தான் என் கடைசிப் பணியிடம். இங்குள்ள அருங்காட்சியகத்தின் முற்றத்தில் வேப்பமரத்தடியில் ஒரு கல் செக்கு இருக்கிறது. இடுப்பளவு உயரம். விளிம்பைச் சுற்றி ஒரு வரி எழுத்து. 'இச்செக்கு' என்பதும் 'தன்மம்' என்பதும் படிக்க முடிகிறது. நடுவில் ஊர்ப்பெயர் இருந்த இடம் தேய்ந்துவிட்டது. முதல் எழுத்து 'கு' அல்லது 'ரு'. யாரோ ஒருவர் ஊருக்கு எண்ணெய் ஆட்டக் கொடுத்த தருமம். பதிவேட்டில் 'கல் செக்கு, எழுத்துடன், 1' என்று இருக்கிறது. ஊர் என்ற இடத்தில் 'இம்மாவட்டம்'. குறிப்பில் ஒன்றும் இல்லை. லாரியில் கொண்டுவந்து இறக்கியதைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருப்பார்கள். அதன் பெரிய படம் ஒன்றும், எழுத்தின் மைப்படியும் வாசலில் மேசை மேல் வைத்திருக்கிறேன். போகும்போது பாருங்கள். உங்கள் தாத்தா, பாட்டி யாராவது இப்படி ஒரு செக்கைப் பற்றிச் சொல்லியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள். நான் அங்கேதான் இருப்பேன், நோட்டும் கொண்டுவந்திருக்கிறேன்.